மீன் தொட்டிக்குப் புற ஊதா விளக்கு தேவையா?

மேட்டூர் அணை திறந்து, புது வெள்ளம் கல்லணையைக் கடந்து வாய்க்கால்களில் இறங்கும்போது தண்ணீர் என்ன நிறமாக இருக்கும்? தஞ்சை மாவட்டத்து மாணவர்களுக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. வண்டல் கலந்து பழுப்பாக வரும். அதே தண்ணீர் கோயில் குளத்தில் சில மாதம் தேங்கி நின்றால் பச்சையாகிவிடும். பழுப்பு நிறம் மண்ணால் வந்தது. ஒரு குடத்தில் வைத்தால் தெளிந்து அடியில் படியும். பச்சை நிறம் உயிர்களால் வந்தது. அது எளிதில் படியாது.

உங்கள் வீட்டில் ஜன்னலோரம் வைத்திருக்கும் மீன் தொட்டியிலும் இதே கதைதான் நடக்கிறது. தண்ணீர் பச்சையாகி மீன்களே தெரியாமல் போகும்போது, கடைக்காரர் ‘புற ஊதாக் கிருமிநீக்கி’ ஒன்றைக் காட்டுகிறார். அதை வாங்கலாமா? முதலில் அது வேலை செய்யும் விதத்தைத் தெரிந்துகொள்வோம்.

பச்சை எங்கிருந்து வருகிறது?

யூரியா இட்ட வயலில் தேங்கிய நீரில் பச்சை படர்வதைப் பார்த்திருப்பீர்கள். நெல்லுக்கு இட்ட உரத்தைப் பாசியும் உண்கிறது. மீன் தொட்டியில் யார் உரம் இடுகிறார்கள்? நாம்தான்! மீன் தின்னாமல் விட்ட இரையும் அதன் கழிவும் சிதைந்து நைட்ரேட்டையும் பாஸ்பேட்டையும் தருகின்றன. ஜன்னல் வெயில் ஒளி தருகிறது. நீரில் மிதக்கும் ஒரு செல் பாசிகளுக்கு வேறென்ன வேண்டும்? அவை மில்லிமீட்டரில் ஆயிரத்தில் சில பங்கே இருப்பதால், வடிகட்டியின் பஞ்சில் சிக்காமல் நழுவிவிடுகின்றன.

கிருமியை அழிக்கும் ஒளி

ஊதா நிறத்துக்கு அப்பால் கண்ணுக்குத் தெரியாத கதிர்கள் உண்டு என்பதை 1801இல் ஜெர்மனியைச் சேர்ந்த ரிட்டர் கண்டறிந்தார். சூரிய ஒளி பாக்டீரியாவின் வளர்ச்சியைத் தடுக்கிறது என்பதை 1877இல் இங்கிலாந்தில் டவுன்ஸ், பிளண்ட் என்ற இருவர் காட்டினர். 1910இல் பிரான்சின் மார்சேய் நகரில் குடிநீரைப் புற ஊதாக் கதிரால் தூய்மைப்படுத்திப் பார்த்தார்கள்.

இக்கருவியிலுள்ள பாதரச ஆவி விளக்கு, பெரும்பாலும் 254 நானோமீட்டர் அலைநீளமுள்ள கதிர்களை வெளியிடுகிறது. உயிர்களின் மரபுப் பொருளான டி.என்.ஏ. இந்தக் கதிர்களை நன்றாக உறிஞ்சும். அப்போது டி.என்.ஏ. இழையில் அடுத்தடுத்து இருக்கும் தைமின் மூலக்கூறுகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்கின்றன. ஒட்டிப்போன பக்கங்களுள்ள புத்தகத்தைப் படியெடுக்க முடியுமா? அதுபோல அந்த உயிரணுவும் தன்னைப் படியெடுத்துப் பெருக முடியாமல் போகிறது.

1992இல் சென்னையில் ஒரு புதிய வகைக் காலரா தோன்றிப் பரவியது. அதன் விளைவாகக் குடிநீர்ச் சிக்கலில் மனம் செலுத்தியவர், அமெரிக்காவின் லாரன்ஸ் பெர்க்லி ஆய்வகத்தில் பணியாற்றிய இந்திய விஞ்ஞானி அசோக் காட்கில். அவர் உருவாக்கிய கருவி ஏறக்குறைய 40 வாட் மின்சாரத்தில் நிமிடத்துக்கு 15 லிட்டர் நீரைத் தூய்மையாக்கியது. மீன் தொட்டிக் கருவியும் அதன் சின்னத் தம்பிதான்.

ஒரு சிறு கணக்கு

கருவியின் நடுவே விளக்கு. அதைச் சுற்றிக் குவார்ட்ஸ் குழல். அதற்கும் வெளிக்கூட்டுக்கும் இடையே நீர் ஓடும். சாதாரணக் கண்ணாடி இந்தக் கதிரைத் தடுத்துவிடும் என்பதால்தான் குவார்ட்ஸ் தேவைப்படுகிறது.

கிருமிக்குக் கிடைக்கும் அளவு = கதிரின் செறிவு × நேரம். கூட்டுக்குள் அரை லிட்டர் நீர் கொள்ளும் என்று வைத்துக்கொள்வோம். பம்பு மணிக்கு 300 லிட்டர் நீரைத் தள்ளினால், நீர் கருவிக்குள் 6 விநாடி இருக்கும். 600 லிட்டர் தள்ளினால் 3 விநாடிதான். பெரிய பம்பைப் போட்டால் நன்மை என்று எண்ணுவது எவ்வளவு தவறு, பார்த்தீர்களா? பச்சைப் பாசிக்குச் சற்று வேகமான ஓட்டம் போதும். பாக்டீரியாவையும், அவற்றைவிடக் கடினமான ஒட்டுண்ணிகளையும் அழிக்க மெதுவான ஓட்டம் வேண்டும். ஆகவே, வாங்கும்போது வாட் அளவை மட்டும் பார்க்காமல், எத்தனை லிட்டர் ஓட்டத்துக்கு எந்தப் பயன் என்று கருவியோடு வரும் குறிப்பில் பாருங்கள்.

இன்னொன்று. 50 லிட்டர் தொட்டியில் மணிக்கு 50 லிட்டர் ஓடினால், ஒரு மணியில் எல்லா நீரும் கருவியைக் கடந்துவிடுமா? கடக்காது. கடந்துவந்த நீர் பழைய நீரோடு கலந்துவிடுவதால், ஒரு மணி முடிவில் 37 சதவீதம் கடக்காமலே இருக்கும். மூன்று மணிக்குப் பின்னும் 5 சதவீதம் மீதி இருக்கும். மீந்த பாசி மறுபடி பெருகும். எனவே விளக்கு தொடர்ந்து எரிய வேண்டும். 9 வாட் விளக்கு இரவு பகலாக எரிந்தால் மாதத்துக்குச் சுமார் ஆறரை யூனிட் மின்சாரம் செலவாகும்.

எது முடியும், எது முடியாது?

கருவி வழியே செல்லும் உயிர்களை மட்டுமே அது அழிக்கும். மீனின் தோலுக்கடியில் இருக்கும் வெண்புள்ளி ஒட்டுண்ணியை அது தொடாது. நீரில் நீந்தும் பருவத்தில் சிக்குபவை மட்டுமே அழியும். அம்மோனியாவை அது நீக்காது. அம்மோனியாவை நைட்ரேட்டாக மாற்றும் நல்ல பாக்டீரியாக்கள் மணலிலும் வடிகட்டியிலும் ஒட்டி வாழ்வதால், அவற்றுக்குப் பெரும்பாலும் கேடில்லை. மீனுக்கு மருந்து போடும் நாட்களில் விளக்கை நிறுத்திவிடுங்கள். சில மருந்துகளை இக்கதிர் சிதைத்துவிடும்.

பாசி ஒரேயடியாக மடியும்போது அதன் அழுகல் நீரிலுள்ள ஆக்சிஜனைக் குடித்துவிடும். சித்திரை வெயிலில் சூடான நீரில் ஆக்சிஜன் ஏற்கெனவே குறைவு. எனவே மிகவும் பச்சையான தொட்டியில் முதலில் கால் பங்கு நீரை மாற்றி, காற்றுப் பம்பை ஓட்டிய பின்னரே விளக்கைப் போட வேண்டும். இல்லாவிட்டால் தெளிந்த நீரில் செத்த மீன்களைத்தான் பார்ப்பீர்கள்.

பராமரிப்பு

வண்டல் கலங்கிய நீரில் கதிர் ஊடுருவாது. நீரைத் தெளியவைத்து, வடிகட்டிக்குப் பிறகே கருவியை இணையுங்கள். ஆழ்குழாய்க் கிணற்று நீர் கடின நீரானால் குவார்ட்ஸ் மேல் வெள்ளைப் படலம் படியும். எலுமிச்சைச் சாறு அல்லது வினிகரில் நனைத்த மெல்லிய துணியால் துடைத்தால் கரைந்துவிடும். விளக்கின் நீல ஒளி பல காலம் தெரிந்தாலும், கண்ணுக்குத் தெரியாத கதிர் குறைந்துகொண்டே போகும். 9,000 மணி, அதாவது ஏறக்குறைய ஓர் ஆண்டு எரிந்ததும் விளக்கை மாற்றுவது வழக்கம்.

எச்சரிக்கை

எரியும் விளக்கை ஒருபோதும் நேராகப் பார்க்காதீர்கள். வெல்டிங் பட்டறையில் வெறுங்கண்ணால் பார்த்தவருக்கு வரும் அதே கண்வலி வரும். அது சில மணி நேரம் கழித்தே தெரிவதால் மேலும் ஆபத்து. மின் இணைப்பைப் பிடுங்கிய பிறகே கருவியைத் திறக்க வேண்டும். அருகில் பெரியவர் ஒருவர் இருக்கட்டும். விளக்குக்குள் பாதரசம் இருப்பதால் உடைத்து எறியக் கூடாது.

முதலில் இதைச் செய்யுங்கள்

பணம் செலவழிக்கும் முன் தொட்டியை ஜன்னலிலிருந்து நகர்த்துங்கள். இரண்டு நிமிடத்தில் மீன் தின்று தீர்க்கும் அளவுக்கே இரை போடுங்கள். வாரம் ஒருமுறை கால் பங்கு நீரை மாற்றுங்கள். ஒளிச்சேர்க்கைச் சோதனையில் நீங்கள் பார்த்த ஹைட்ரில்லாச் செடியை வளர்த்தால், பாசியின் உணவை அது எடுத்துக்கொள்ளும். வாய்க்காலில் பிடித்த மீனை நேரே தொட்டியில் விடாமல், இரண்டு மூன்று வாரம் தனி வாளியில் வைத்துப் பாருங்கள். 1988இல் வடகிழக்கு இந்தியாவில் நுழைந்து, பின்னர் நாடெங்கும் பரவி விரால் போன்ற மீன்களைப் புண்ணாக்கிய நோய், நீரில் நீந்தும் நுண்ணிய வித்துகளால்தான் பரவியது. இவ்வளவு செய்தும் பச்சை போகாவிட்டால், அப்போது விளக்கை வாங்கலாம்.

செய்து பாருங்கள்: பச்சைக் குள நீரை இரண்டு கண்ணாடிப் பாட்டில்களில் நிரப்புங்கள். ஒன்றை வெயிலிலும் மற்றதை இருட்டு அலமாரியிலும் பத்து நாள் வையுங்கள். தினமும் பாட்டிலுக்குப் பின்னால் அச்செழுத்தை வைத்துப் படித்துப் பாருங்கள். எந்தப் பாட்டில் வழியே எழுத்து முதலில் தெளிகிறது? விளக்கே இல்லாமல் அந்த நீர் ஏன் தெளிந்தது?