பகடையும் மந்திர வாளும்

கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னசன் ஆகிய அமெரிக்கர் இருவர் உருவாக்கிய ‘டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ விளையாட்டு 1974ஆம் ஆண்டில் வெளிவந்தது. இதனை ஆடுவோர் வீரராகவோ மந்திரவாதியாகவோ பாத்திரமேற்று, கற்பனை உலகில் எதிரிகளோடு போரிடுவர். போரின் போக்கைப் பகடைகளே தீர்மானிக்கின்றன.

2014இல் வந்த 5ஆம் பதிப்பின்படி, வாள் வீசுபவர் முதலில் 20 முகப் பகடையை உருட்டுவார். அடி பட்டால் மட்டுமே சேதப் பகடையை உருட்டலாம். நீண்ட வாளை ஒரு கையால் வீசும்போது சேதப் பகடைக்கு 8 முகங்கள். அதன் சராசரி 4.5 ஆகும்.

வீரரின் வலிமை முதலிய பிற விதிகளை ஒதுக்கிவிட்டுக் கணக்கிடுவோம். 11 அல்லது அதற்கு மேல் விழுந்தால் எதிரிமீது அடி படும் எனக் கொள்வோம். 20 முறை வீசினால் சராசரியாக 10 அடிகள் படும். மொத்தச் சேதம் 45. வீரர் இப்போது ‘+1’ மந்திர வாளைப் பெறுகிறார். அது இரு பகடைகளின் எண்ணோடும் 1 சேர்க்கும். எனவே, 10 விழுந்தாலும் அடி படும். 11 அடிகள், ஒவ்வொன்றுக்கும் 5.5 சேதம், மொத்தம் 60.5. சேதம் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் உயர்ந்துவிட்டது!

போர் மந்திரவாதிக்குரிய ‘+1’ மந்திரக்கோலோ குறி தவறாமல் தாக்க மட்டுமே உதவும், சேதத்தைக் கூட்டாது. சராசரி 5.5 சேதம் தரும் நெருப்பு மந்திரம், அதே கணக்கில் 55இலிருந்து 60.5ஆக, அதாவது பத்தில் ஒரு பங்கு மட்டுமே உயரும்.

இரண்டு கருவிகளிலும் உள்ள எண் ஒன்றே, பயன் வேறு. ஆகவே, கருவியைத் தேர்ந்தெடுப்பவர் அதிலுள்ள எண்ணை மட்டும் பார்த்தால் போதாது. அந்த எண் எங்கெங்கே சேர்கிறது என்பதையும் ஆராய வேண்டும்.