மண் சொல்லும் கணக்கு

காஜாங்கிலிருந்து பெருவிரைவு இரயிலில் தலைநகருக்குச் செல்வோர், பயணத்தின் பெரும்பகுதியில் சாலைக்கு மேலே உயர்ந்து நிற்கும் பாதையில் செல்கின்றனர். 2017-ஆம் ஆண்டு முழுமையாகத் திறக்கப்பட்ட இப்பாதையின் தூண்கள் நம் கண்ணுக்குத் தெரிகின்றன. அவற்றைத் தாங்கும் அடித்தளமோ மண்ணுக்குள் மறைந்திருக்கிறது. இத்தகைய கட்டுமானங்களுக்காக நிலத்தில் ஆழமாக இறக்கப்படும் தூண்களைப் ‘பைல்’ என்பர். ஒரு பைல் எவ்வளவு பாரம் தாங்கும்?

இதற்கான விடையை மண்ணிடமே கேட்க வேண்டும். முதலில் நிலத்தில் துளையிடுவர். துளையின் அடியில் இரும்புக் குழாயை வைத்து, 63.5 கிலோகிராம் எடையுள்ள சம்மட்டியை 76 சென்டிமீட்டர் உயரத்திலிருந்து மீண்டும் மீண்டும் விழச் செய்வர். முதல் 15 சென்டிமீட்டர் மண் துளையிடும்போது கலைந்திருக்கக்கூடும். எனவே அதனைக் கணக்கில் சேர்ப்பதில்லை. அடுத்த 30 சென்டிமீட்டர் இறங்க எத்தனை அடிகள் தேவையோ, அந்த எண்ணிக்கையே ‘என்’ மதிப்பு. மண் இறுகியிருந்தால் இம்மதிப்பு உயரும்.

பைலின் பக்கங்களை மண் பற்றிக்கொள்வதால் ஏற்படும் உராய்வும், அதன் அடிமுனைக்குக் கிடைக்கும் தாங்குதிறனும் சேர்ந்தே பாரத்தைத் தாங்குகின்றன. துளையிட்டு வார்க்கும் பைலின் அடியில் சேறு தங்கிவிடலாம் என்பதால், பொறியாளர்கள் பலர் உராய்வை மட்டுமே நம்புவர்.

ஓர் எடுத்துக்காட்டைக் காண்போம். பைலின் விட்டம் 1 மீட்டர். ஆழம் 20 மீட்டர். சராசரி ‘என்’ மதிப்பு 30. நம் நாட்டில் பரவலாகக் கையாளப்படும் விதிப்படி, ‘என்’ மதிப்பை 2-ஆல் பெருக்கினால், சதுர மீட்டருக்கு 60 கிலோநியூட்டன் உராய்வு கிடைக்கும். பைலின் பக்கப் பரப்பு 62.8 சதுர மீட்டர். ஆகவே, மொத்த உராய்வு 3768 கிலோநியூட்டன். பாதுகாப்புக்காக அதில் பாதியை, அதாவது ஏறக்குறைய 190 டன் பாரத்தை மட்டுமே அந்தப் பைலின்மீது ஏற்றுவர். இதுவும் மதிப்பீடுதான். எனவே, சில பைல்களின்மீது உண்மையாகவே பாரம் ஏற்றிச் சோதித்துப் பார்ப்பர்.

மண்ணாய்வைப் புறக்கணித்தால் என்னவாகும்? 452 மீட்டர் உயரமுள்ள பெட்ரோனாஸ் இரட்டைக் கோபுரத்திற்கு முதலில் தேர்ந்தெடுத்த இடத்தின் அடியில், குழிகள் நிறைந்த சுண்ணாம்புப் பாறை சரிவாக இருப்பதை ஆய்வு காட்டியது. கோபுரம் ஒரு பக்கமாகச் சாயும் அபாயம் இருந்தது. ஆகவே, கோபுரங்களின் இடத்தை ஏறக்குறைய 60 மீட்டர் தள்ளி அமைத்தனர். அங்கே பாறை மிக ஆழத்தில் இருந்ததால், மண்ணின் உராய்வையே நம்பி அடித்தளம் அமைக்கப்பட்டது. அவற்றுள் சில தூண்கள் நூறு மீட்டருக்கும் மேல் ஆழமானவை.

வரைபடத்தில் இடத்தை மாற்றுவது எளிது; கட்டிய கோபுரத்தை நகர்த்த முடியாது. அதனால்தான் முதல் கல்லை வைக்கும் முன்பே மண்ணின் பேச்சைக் கேட்கிறோம்.