போர்வைக்குள் உருளைக்கிழங்கு

இங்கிலாந்துக்கும் பிரான்சுக்கும் இடையே, ஆங்கிலக் கால்வாயில் ஜெர்சி என்றொரு சிறு தீவு உள்ளது. 'ஜெர்சி ராயல்' என்னும் அதன் உருளைக்கிழங்கு பெயர் பெற்றது. குளிர்காலம் முடிந்து, புதுக் கிழங்கு அரிதாக இருக்கும் வேளையில் சந்தைக்கு வருவதால் அதற்கு நல்ல விலை உண்டு. சில வாரங்கள் முந்தினால் இலாபம். ஓர் இரவு உறைபனி தாக்கினால் நட்டம். இந்தப் போட்டியில் உழவர்க்குத் துணை நிற்பது பௌதிகமே.

முதல் துணை, நிலத்தின் சரிவு. ஜெர்சி 49 பாகை வட அட்சரேகையில் உள்ளது. பிப்ரவரி 20ஆம் நாள் நண்பகலில் அங்கே சூரியன் அடிவானத்திலிருந்து 30 பாகை உயரத்தில்தான் நிற்கும். சமதளத்தில் ஒரு சதுர மீட்டரில் விழும் நேர் ஒளி சைன் 30°, அதாவது 0.50 என்னும் அளவுக்கு ஏற்ப அமையும். தெற்கு நோக்கி 20 பாகை சரிந்த நிலத்திலோ அது சைன் 50°, அதாவது 0.77. ஆகவே, சரிவில் விழும் நேர் ஒளி ஒன்றரை மடங்கு! நின்று வேலை செய்வதே கடினமான தென்சரிவுகளை அத்தீவு உழவர்கள் முன்விளைச்சலுக்குத் தேர்ந்தெடுப்பதன் காரணம் இதுவே.

இரண்டாம் துணை, மெல்லிய பாலித்தீன் போர்வை. நட்ட பாத்திகளின்மேல் அதை விரித்து, ஓரங்களை மண்ணால் மூடிவிடுகிறார்கள். வேறு இடங்களில் கம்பி வளைவுகளை நட்டு, அவற்றின்மேல் முழங்கால் உயரத்துக்குக் கூடாரம்போல் போர்த்துவதும் உண்டு. உள்ளே மண் விரைவில் வெதுவெதுப்பாகிறது. முளை விரைவில் எழுகிறது.

ஏன் வெதுவெதுப்பாகிறது? "சூரிய ஒளி உள்ளே நுழைகிறது, மண் வெளிவிடும் அகச்சிவப்புக் கதிர்கள் வெளியேற முடியாமல் சிக்கிக்கொள்கின்றன" என்று பல நூல்கள் கூறும். நானும் பல ஆண்டுகள் வகுப்பில் அப்படியே சொல்லி வந்தேன். ஒரு நாள், உதகைப் பக்கத்திலிருந்து வந்து பயின்ற மாணவர் ஒருவர் எழுந்து, "ஐயா, சனவரியில் எங்கள் தோட்டத்தில் பாலித்தீன் போட்டும் உருளைச் செடிகள் பனியில் கருகிவிட்டனவே! சிக்கிய வெப்பம் எங்கே போயிற்று?" என்று கேட்டார். அன்று என்னிடம் விடை இல்லை.

விடைக்கு வழிகாட்டுவது 1909இல் அமெரிக்கப் பௌதிக அறிஞர் ஆர். டபிள்யூ. வுட் செய்த எளிய சோதனை. இரண்டு பெட்டிகளில் ஒன்றைக் கண்ணாடியாலும், மற்றதைப் பாறை உப்புப் பலகையாலும் மூடி அவர் வெயிலில் வைத்தார். கண்ணாடி அகச்சிவப்புக் கதிர்களைத் தடுக்கும். பாறை உப்பு தடுக்காது. இரண்டின்மீதும் கண்ணாடி வழியாக வடிகட்டிய வெயில் விழுமாறு செய்தபோது, வெப்பநிலை வேறுபாடு ஒரு பாகைகூட இல்லை எனலாம். ஆகவே, மூடியின் முதன்மையான வேலை கதிரைச் சிறைப்படுத்துவது அன்று. சூடான காற்று மேலெழுந்து ஓடிவிடாமல் தடுப்பது, அதாவது வெப்பச் சலனத்தை நிறுத்துவது. (வளிமண்டலத்தில் கரியமில வாயுவும் நீராவியும் அகச்சிவப்புக் கதிர்களை உறிஞ்சிப் புவியை வெப்பமாக வைத்திருப்பது உண்மையே. வுட்டின் சோதனை அதை மறுக்கவில்லை. கண்ணாடி வீட்டின் பெயர் அதற்கு இடப்பட்டாலும் வழி வேறு.)

இனி இரவுக்கு வருவோம். 0 பாகை செல்சியசில் உள்ள கரும்பொருளின் ஒவ்வொரு சதுர மீட்டரும் சுமார் 315 வாட் வெப்பத்தைக் கதிராக வீசுகிறது. இலையும் ஏறத்தாழ இப்படியே வீசும். மேகம் இருந்தால் அதில் பெரும்பகுதி திரும்பி வரும். தெளிந்த வானமாயின் குறைவாகவே வரும். மெல்லிய பாலித்தீனோ அகச்சிவப்புக் கதிர்களைப் பெரும்பாலும் வெளியே விட்டுவிடும்! திறந்த வெளியிலுள்ள இலைக்கு மேலிருந்து வரும் சற்றே சூடான காற்றாவது உதவும். போர்வைக்குள் அதுவும் தடைப்படுகிறது. பகலில் நண்பனான தடுப்பு இரவில் பகையாகிறது. ஆகவே, காற்றில்லாத தெளிந்த இரவில் உள்ளே வெளியைவிடச் சற்றுக் குளிர்ந்துவிடுவதும் உண்டு. அம்மாணவரின் செடிகளுக்கு இதுவே நேர்ந்திருக்க வேண்டும்.

இதற்குப் பரிகாரம் உண்டா? உண்டு. மண் ஈரமாயிருந்தால் பகல் வெப்பத்தை அதிகமாகச் சேமித்து, இரவில் மேலே கடத்தித் தரும். அதன் நீராவி போர்வையின் உட்புறத்தில் நீர்ப்படலமாய்ப் படியும்போது, கிராமுக்குச் சுமார் 2,500 ஜூல் உள்ளுறை வெப்பத்தை வெளிவிடும். மேலும், நீர் அகச்சிவப்புக் கதிர்களை நன்கு உறிஞ்சுவதால் இலைக்கும் வானத்துக்கும் நடுவே அது திரையாகிறது. பனி மிகும் இரவுகளில் மேலே வைக்கோல் பாய் விரிப்பது இன்னும் நல்லது. இலைகள் பாலித்தீனைத் தொடாமலும் இருக்க வேண்டும். தொட்ட இலைகளே முதலில் கருகும்.

நீங்களும் சோதித்துப் பாருங்கள். ஒரே அளவான மூன்று அட்டைப் பெட்டிகளில் மண் பரப்புங்கள். ஒன்றைக் கண்ணாடியாலும், ஒன்றைப் பாலித்தீனாலும் மூடி, மூன்றாவதைத் திறந்து வையுங்கள். வெப்பமானியின் குமிழில் நேர் வெயில் படாமல் அட்டைத் துண்டால் மறைத்து, பத்து நிமிடத்துக்கு ஒருமுறை அளவெடுங்கள். பிறகு பாலித்தீனின் ஒரு மூலையை மட்டும் திறந்துவிட்டு மீண்டும் அளந்து பாருங்கள்.

நூலில் உள்ளதோடு தோட்டத்தில் கண்டது ஒத்துவராவிட்டால் கேள்வி கேட்கத் தயங்காதீர்கள். அந்த மாணவர் கேட்டிராவிட்டால், நான் இன்றும் பழைய பாடத்தையே சொல்லிக்கொண்டிருப்பேன்.