ஸ்விட்ச் எழுதும் நாளேடு: அழியுமுன் படித்துவிடுங்கள்

பெருநாளுக்கு முந்திய இரவு. கடை நிறையச் சனம். திடீரென பில் போடும் கணினிகள் நின்றுவிடுகின்றன. உடனே நாம் என்ன செய்வோம்? ஸ்விட்ச்சின் பிளக்கைக் கழற்றி மீண்டும் மாட்டுவோம். வேலை நடக்கும். ஆனால் ஏன் நின்றது என்பதற்கான சாட்சியும் அந்த நொடியிலேயே அழிந்துவிடும்.

கடையிலுள்ள கணினிகள், பில் அச்சிடும் இயந்திரங்கள், கேமராக்கள் ஆகியவற்றை இணைக்கும் பெட்டிதான் நெட்வேர்க் ஸ்விட்ச். அவற்றில் 'மெனேஜ்ட்' வகை ஸ்விட்ச், தன்னிடம் நிகழும் முக்கிய மாற்றங்களைக் குறித்து வைக்கும். இதுவே 'லொக்'. நமது நாளேட்டைப் போன்றது. உள்ளே நுழைந்து பார்க்க ஐபி முகவரியும் கடவுச்சொல்லும் இல்லாத மலிவுப் பெட்டிகளில் இவ்வசதி கிடையாது.

இந்த ஏடு பொதுவாகத் தற்காலிக நினைவகத்திலேயே இருக்கும். மின்சாரம் போனால் அதுவும் போய்விடும். இடம் நிறைந்தால் பழைய வரிகள் அழிந்து புதியவை எழுதப்படும். ஆகவே முதலில் படியுங்கள், பிறகு அணையுங்கள்.

எப்படிப் படிப்பது?

சிஸ்கோ ஸ்விட்ச் என்றால் 'ஷோ லொகிங்' என்ற கட்டளை போதும். வேறு பல தயாரிப்புகளில் உலாவி மூலம் உள்நுழைந்து 'லொக்' பகுதியைத் திறக்கலாம். செய்திகளுக்கு 0 முதல் 7 வரை தரம் உண்டு. இலக்கம் குறையக் குறைய ஆபத்து அதிகம். 0 என்றால் இயந்திரமே பயன்படாத நிலை, 3 பிழை, 4 எச்சரிக்கை, 6 சாதாரண தகவல், 7 திருத்துநருக்கான நுண்விபரம்.

'லிங்க்-3-அப்டவுன்' என்றால் ஒரு போர்ட்டின் இணைப்பு அறுந்தது அல்லது மீண்டது என்று பொருள். ஒரே போர்ட் அடிக்கடி இப்படி எழுதினால் கேபிளையும் அதன் முனையையும் மறுபக்கத்துக் கருவியையும் சோதியுங்கள். சில நூறு ரூபா கேபிளுக்காகப் புதிய ஸ்விட்ச் வாங்கும் வீண்செலவு இதனால் தப்பலாம்.

எப்படி அமைப்பது?

1. நேரத்தைச் சரிசெய்யுங்கள். மின்கலம் இல்லாத பழைய சிஸ்கோ ஸ்விட்ச்கள் பல, அணைந்து எழுந்ததும் 1993 மார்ச் 1 எனக் காட்டும். அத்தகைய ஏட்டை வைத்து எதையும் நிரூபிக்க முடியாது. இலங்கைக்கு +5:30 எனக் குறித்து, இணையத்திலிருந்து நேரம் பெறும் 'என்டிபி' வசதியை இயக்குங்கள்.

2. தரத்தைத் தெரிவுசெய்யுங்கள். 4 என வைத்தால் 0 முதல் 4 வரையுள்ளவை மட்டுமே பதிவாகும். சிஸ்கோவில் அமைப்பு மாற்றப்பட்டதைக் கூறும் செய்தி 5ஆம் தரம். அது விடுபட்டுவிடும். 7 என வைத்தால் தேவையற்றவை ஏட்டை நிரப்பும். கடைக்கு 6 பொருத்தம்.

3. ஏட்டைப் பெரிதாக்குங்கள். கட்டலிஸ்ட் ஸ்விட்ச்களில் வழமையான அளவு 4096 பைட். சில பத்து வரிகளுக்கே அது போதும். 'லொகிங் பஃபர்ட் 16384' என்ற கட்டளை அதை நான்கு மடங்காக்கும்.

4. பிரதியை வெளியே அனுப்புங்கள். 'சிஸ்லொக்' முறையில் இன்னொரு கணினியில் சேமிக்கலாம். அதில் செய்தியைப் பெறும் மென்பொருள் வேண்டும், யுடிபி 514ஆம் போர்ட் திறந்திருக்க வேண்டும். யுடிபியில் 'கிடைத்தது' என்ற பதில் வராது. வழியில் தொலைந்தால் தெரியாது. எனவே ஸ்விட்ச்சின் உள் ஏட்டையும் நிறுத்திவிடாதீர்கள்.

இன்னொன்று. டெக்னீஷியனுக்கும் உங்களுக்கும் ஒரே பயனர் பெயர் வேண்டாம். தனித்தனிப் பெயர் இருந்தால்தான் அமைப்பை மாற்றியவர் யார் என்பதை ஏடு சொல்லும். ஆதாரமின்றி ஒருவர்மேல் பழி சுமத்தவும் நேராது.

இன்றிரவு கல்லாப்பெட்டியை எண்ணி முடித்ததும் ஸ்விட்ச்சின் ஏட்டையும் ஒருமுறை திறந்து பாருங்கள். நல்ல நாளில் அது எப்படியிருக்கும் என்று தெரிந்தவருக்கே கெட்ட நாளில் வித்தியாசம் புரியும்.