சக்கர வடிவக் கிருமியும் குழந்தையின் வயிற்றுப்போக்கும்

ஐந்து வயது நிறைவதற்குள் ஏறத்தாழ எல்லாக் குழந்தைகளையும் ஒரு முறையேனும் தாக்கிவிடும் கிருமி ஒன்று உண்டு. அதுவே ரோட்டா வைரஸ். 1973ஆம் ஆண்டில் ஆஸ்திரேலியாவின் மெல்பர்ன் நகரில், வயிற்றுப்போக்குற்ற குழந்தைகளின் குடல் திசுவை மின்னணு நுண்ணோக்கியால் ஆராய்ந்த ரூத் பிஷப் அம்மையாரும் அவர்தம் குழுவினரும் இதனைக் கண்டறிந்தனர். சக்கரம் போன்ற தோற்றமுடையதால், லத்தீன் மொழியில் சக்கரத்தைக் குறிக்கும் 'ரோட்டா' என்னும் பெயர் இதற்கு ஏற்பட்டது.

ஒரு மில்லிமீட்டரைப் பத்தாயிரம் கூறாக்கினால் ஏறத்தாழ ஒரு கூறே இதன் அளவு. மூன்று உறைகளுக்குள் பதினொரு மரபுத் துண்டுகள் அடங்கியுள்ளன.

நோயுற்ற குழந்தையின் மலத்திலிருந்து கை, பாத்திரம், விளையாட்டுப் பொருள் ஆகியவற்றின் வழியாக இக்கிருமி மற்றொரு குழந்தையின் வாயை அடைகிறது. சிறுகுடலின் உட்சுவரில் நீரையும் சத்தையும் உறிஞ்சும் நுண்விரல்கள் உள்ளன. அவற்றின் நுனி அணுக்களைக் கிருமி அழிக்கிறது. நீரை வெளியேறச் செய்யும் நச்சுப்பொருளையும் உண்டாக்குகிறது. ஆகவே காய்ச்சல், வாந்தி, நீர்த்த பேதி ஆகியவை தொடர்கின்றன. உயிருக்கு ஆபத்து விளைவிப்பது உடலின் நீரும் உப்பும் வற்றுவதேயாகும்.

பேதியாகும்போது தண்ணீர் கொடுக்கலாகாது என எண்ணுவது பெருந்தவறு. கிளினிக்கில் கிடைக்கும் உப்புச் சர்க்கரைத் தூளை, உறையில் குறித்துள்ள அளவு நீரில் கரைத்துச் சிறிது சிறிதாகப் புகட்டுக. அது கிடைக்கும்வரை, கொதித்து ஆறிய ஒரு லிட்டர் நீரில் 6 தேக்கரண்டி சீனியும் அரைத் தேக்கரண்டி உப்பும், கரண்டி மட்டத்திற்குத் தட்டி அளந்து, கலந்து கொடுக்கலாம். சர்க்கரையின் துணையால் குடல் உப்பை ஈர்க்கிறது; உப்பைத் தொடர்ந்து நீரும் உட்செல்கிறது. தாய்ப்பாலை நிறுத்தவேண்டா. பாக்டீரியாவைக் கொல்லும் மருந்துகள் இவ்வைரஸை அழிக்கமாட்டா.

கண் குழிதல், கண்ணீரின்றி அழுதல், சிறுநீர் குறைதல், சோர்ந்து துவளுதல் ஆகியவை தோன்றினால் வேலை முடியட்டும் எனக் காத்திராமல், குழந்தையை உடனே மருத்துவரிடம் கொண்டு செல்க.

இந்நோயின் கடுமையைத் தடுக்க வாய்வழிச் சொட்டு மருந்து உண்டு. 2009ஆம் ஆண்டில் உலகச் சுகாதார நிறுவனம் இதனை எல்லா நாடுகளுக்கும் பரிந்துரைத்தது. முதல் சொட்டைக் குழந்தைக்கு ஆறு வாரம் நிறைந்தபின், காலந்தாழ்த்தாமல் கொடுத்தல் வேண்டும். குழந்தையின் மலத்துணியை மாற்றிய பின்பும், உணவூட்டும் முன்பும் சவர்க்காரமிட்டுக் கைகழுவுதல், வீட்டிலும் ஆயாக் கொட்டகையிலும் தவறாத வழக்கமாகட்டும்.