வலது இருக்கையில் அமரப்போகிறவர்களுக்கு

விமானி உரிமம் வாங்கியிருக்கும் தம்பி தங்கைகளுக்கு, சீருடையைக் கழற்றிவிட்ட பழைய கேப்டன் எழுதுவது.

1. குறிப்பால் உணர்த்தாதீர்கள். 1978 டிசம்பர் 28, அமெரிக்காவின் போர்ட்லாந்து. சக்கரம் இறங்கும்போது பலத்த அதிர்வு கேட்டதால், ஒரு டி.சி.8 விமானம் தரையிறங்காமல் ஏறக்குறைய ஒரு மணி நேரம் வட்டமடித்தது. கேப்டனின் நினைப்பெல்லாம் சக்கரத்தில். எரிபொருள் குறைவதை உடனிருந்தவர்கள் பேச்சோடு பேச்சாகச் சொன்னார்கள், அழுத்திச் சொல்லவில்லை. எஞ்சின்கள் அணைந்தன. பத்துப் பேர் இறந்தார்கள். சக்கரங்களோ இறங்கிப் பூட்டிக்கொண்டுதான் இருந்தன. பெரியவர்களிடம் சுற்றி வளைத்துப் பேசியே வளர்ந்தவர்கள் நாம். காக்பிட்டில் அது வேண்டாம். 'இன்னும் பத்து நிமிடத்துக்குத்தான் எரிபொருள், இப்போதே இறங்க வேண்டும்' என்று முகத்துக்கு நேரே சொல்லுங்கள்.

2. சொன்னதோடு கடமை முடிந்துவிடாது. 2010 மே 22, மங்களூர். மிக உயரத்தில் வந்துகொண்டிருந்த விமானத்தில் கோ-பைலட் மூன்று முறை 'கோ-அரவுண்ட்' என்றார். கேப்டன் கேட்கவில்லை. மலைமுகட்டு ஓடுபாதையில் பாதிக்கு மேல் தாண்டித்தான் சக்கரம் தரையைத் தொட்டது. 158 உயிர்கள். அந்தப் பிள்ளை சரியாகத்தானே சொன்னான் என்று நினைக்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சை அடைக்கிறது. இரண்டு முறை சொல்லியும் பதில் இல்லையென்றால், 'ஐ ஹாவ் கண்ட்ரோல்' என்று சொல்லி விமானத்தை வாங்கிக்கொள்ளுங்கள். சிமுலேட்டரிலேயே வாய்விட்டுச் சொல்லிப் பழகுங்கள். பழகாத வாய்க்கு அந்த நேரத்தில் சொல் வராது.

3. கண்ட்ரோலிடம் 'மேடே' சொல்லக் கூசாதீர்கள். 1990 ஜனவரியில் நியூயார்க் அருகே எரிபொருள் தீர்ந்து விழுந்த விமானத்திலிருந்து 'எமர்ஜென்ஸி' என்ற சொல் கடைசிவரை வரவில்லை. 73 பேர் போனார்கள்.

4. நீங்களும் ஒருநாள் இடது இருக்கைக்கு வருவீர்கள். 1989 ஜூலை 19 அன்று, வால் எஞ்சின் வெடித்து மூன்று ஹைட்ராலிக் அமைப்புகளும் போன டி.சி.10-ஐ ஓட்டிக்கொண்டிருந்தவர் கேப்டன் அல் ஹேன்ஸ். பயணியாக வந்த, விமானிகளுக்குப் பயிற்சி தரும் டென்னி ஃபிட்ச்சை உள்ளே விட்டு, த்ராட்டில்களை அவர் கையில் கொடுத்தார். நால்வரும் ஒருவரையொருவர் கேட்டுக் கேட்டு, 44 நிமிடங்களில் சூ சிட்டி விமான நிலையம் வரை கொண்டுவந்தார்கள். 296 பேரில் 184 பேர் பிழைத்தார்கள். எல்லோரையும் பேசவைக்கும் பயிற்சியால்தான் அது முடிந்தது என்றார் ஹேன்ஸ். போர்ட்லாந்து விமானத்தையும் இந்த விமானத்தையும் இயக்கிய ஒரே நிறுவனம், போர்ட்லாந்துக்குப் பிறகு தொடங்கிய பயிற்சி அது. ஆகவே கிளம்புமுன் பக்கத்தில் இருப்பவரிடம் நீங்களே கேளுங்கள்: 'நான் எதையாவது விட்டால் உடனே சொல்லுப்பா.' சொன்னால், முதலில் அதைச் செய்யுங்கள். யார் சொன்னது சரி என்பதைத் தரையில் பேசிக்கொள்ளலாம்.