கூடி இசைத்தல்: ஓர் இசைத்தட்டை நயத்தல்



செய்யுளை நயக்கும் முறையை வகுப்பிலே பயில்கின்றோம். இசையையும் அவ்வாறே நயக்கலாம். எடுத்துக்காட்டாக, 1959 இல் அமெரிக்காவில் ஒலிப்பதிவான 'பேக் டு பேக்' என்னும் ஜாஸ் இசைத்தட்டை நோக்குவோம்.

பியானோ இசைப்பவர் டியூக் எலிங்டன். ஆல்ட்டோ சாக்சபோன் இசைப்பவர் ஜானி ஹாட்ஜஸ். 1928 இல் எலிங்டன் குழுவிற் சேர்ந்தவர். ட்ரம்பெட் கலைஞர் ஹாரி எடிசனும் டிரம்ஸ் கலைஞர் ஜோ ஜோன்சும் கவுண்ட் பேசியின் குழுவிற் புகழ்பெற்றவர்கள். வெவ்வேறு குழுவினர் இத்துணை இயல்பாக இணைந்தது எவ்வாறு?

விடை, புளூஸ் என்னும் வடிவத்தில் உள்ளது. அடிமைப்படுத்தப்பட்ட ஆபிரிக்க மக்களின் வழித்தோன்றல்கள் தம் துயரையும் நகைச்சுவையையும் ஏற்றிப் பாடிய வடிவம் அது. நான்கு தட்டுக்கள் கொண்ட பகுதிகள் பன்னிரண்டு. ஆக 48 தட்டுக்கள் ஒரு சுற்று. பாடலாயின், முதலடி ஒன்றைக் கூறும். இரண்டாமடி அதனையே மீட்டும் கூறும். மூன்றாமடி மறுமொழி தரும். இத்தட்டிலுள்ள ஏழு உருப்படிகளிற் பல இவ்வடிவைத் தழுவியவை. டபிள்யூ. சி. ஹாண்டி 1914 இல் வெளியிட்ட 'செயின்ட் லூயிஸ் புளூஸ்' அவற்றுள் ஒன்று.

இதனை மும்முறை கேளுங்கள். முதன்முறை, விரலால் தட்டிச் சுற்றுக்களை எண்ணுங்கள். இரண்டாம் முறை, ஹாட்ஜஸ் ஒரு சுரத்திலிருந்து மற்றொன்றுக்கு வழுக்கிச் செல்வதைக் கவனியுங்கள். நம் கமகம் நினைவுக்கு வரும். எடிசனோ சில சுரங்களையே திரும்பத் திரும்ப இசைத்து நம்மை ஈர்ப்பார். மூன்றாம் முறை, பிறர் இசைக்கையில் எலிங்டன் செய்வதைக் கேளுங்கள். அவர் சற்றே ஒலித்து, பின் ஒதுங்கி, இடம் விடுகின்றார். குழுத் தலைவராக விளங்கிய அவருக்கு அடங்கியிருக்கவும் தெரிந்திருந்தது.

இவ்விடத்தில் ஆசிரியராகிய நாமும் ஒரு பாடம் பெற்றோம். பேச்சுப் போட்டிக்கு நாமே எழுதிக் கொடுத்து, பிள்ளைகளை மனனஞ் செய்யப் பணித்தோம். ஒரு சொல் பிறழினும் திருத்தினோம். அவர்கள் பிழையின்றிப் பேசினர். ஆனால் ஒலித்தது நம் குரலே. வடிவத்தை ஐயமறக் கற்பித்தல் நம் கடன். கற்பித்தபின் இடம் விடுதலும் கடனே. அந்த இசைஞர்கள் 30 ஆண்டுகளுக்கு மேற்பட்ட பழைய மெட்டுக்களையே எடுத்தாண்டனர். எனினும் தத்தம் குரலில் இசைத்தமையாலேயே அவை புதியனவாயின.

பிள்ளைகளே, இலக்கணத்தை நன்கு கற்றுக்கொள்ளுங்கள். அடுத்த சுற்று உங்களுடையது, நாம் கேட்டிருப்போம்.